செப் மாநாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: அப்ஸ்ட்ராக்ட் முதல் பில் வரை

துகள் இயற்பியலிலும் அணுக்கரு இயற்பியலிலும் கணினிப் பக்கம் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது செப் (CHEP) மாநாட்டில்தான். ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு ஊரில் நடக்கும். 2019இல் அடிலெய்டு, 2023 மே மாதம் அமெரிக்காவின் நார்ஃபோக், 2024 அக்டோபரில் போலந்தின் கிராக்கோ, 2026 மே மாதம் பாங்காக். நான் கிராக்கோவுக்கு இந்திய பாஸ்போர்ட்டில், ஆய்வு மாணவர் என்ற நிலையில் போய் வந்தேன். இயற்பியலும் நிரலும் எனக்குத் தொல்லை தரவில்லை. படிவம், அனுமதி, வங்கி, விசா இவைதான் ஆளைப் படுத்தி எடுத்தன. அடுத்து போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்ஸ்ட்ராக்ட் என்பது மாநாட்டில் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே அனுப்பும் சுருக்கம். "உங்கள் அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்டது" என்று மின்னஞ்சல் வரும் நாளை வேலையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குள் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

1. மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அப்ஸ்ட்ராக்ட் கெடு, மாநாட்டுக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் முன்னால் வரும். அதன் பிறகு ஒவ்வொரு தடத்தின் (மாநாட்டின் தலைப்புப் பிரிவின்) ஒருங்கிணைப்பாளர்களும் படித்து முடிவு சொல்ல இரண்டு மாதமாவது ஆகும். ஆக, ஏற்பு வரும்போது கையில் மூன்று மாதத்துக்கும் குறைவாகவே இருக்கும். நிதி விண்ணப்பம், நிறுவன அனுமதி, விசா, டிக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் அடங்காது. அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிய வாரத்திலேயே இந்த மூன்றைப் பாருங்கள்:

பாஸ்போர்ட். காலாவதித் தேதி, காலிப் பக்கங்கள், பெயர் எழுதியிருக்கும் விதம் மூன்றையும் பாருங்கள். புதுப்பிக்க வேண்டுமானால் இதுதான் நேரம்.

நிறுவனத்தின் வெளிநாட்டுப் பயண அனுமதி. உங்கள் கைடு, துறைத் தலைவர், நிர்வாகம் என்று கோப்பு எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பதை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். எந்தப் படிவம், எத்தனை நகல் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநாடு நடக்கும் நாட்டின் விசா நிலவரம். நார்ஃபோக் மாநாட்டுக்கு முந்தைய 2022 கடைசியில், அமெரிக்க வருகையாளர் விசா நேர்காணலுக்கு இந்தியாவின் சில ஊர்களில் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்ட பிறகு நேர்காணல் தேதி தேடியவருக்கு வழியே இல்லை. அந்த மாதிரி நாடு என்றால் அப்ஸ்ட்ராக்ட் எழுதுவதற்கு முன்பே விசா வரிசையில் நில்லுங்கள்.

2. சரியான தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கிராக்கோவில் ஒன்பது தடங்கள் இருந்தன. தரவைச் சேமிப்பது, நகர்த்துவது, அதற்கான ரூசியோ, எக்ஸ்ரூட்டி போன்ற மென்பொருள்கள் முதல் தடம். எந்தத் துகள் மோதலின் தரவை வைத்துக்கொள்வது என்று உடனுக்குடன் முடிவு செய்யும் ட்ரிகர், நிகழ்நேரக் கணினிப் பணி இரண்டாவது. மறுகட்டமைப்பு, அதாவது கருவியின் சமிக்ஞைகளிலிருந்து என்ன துகள்கள் வந்தன என்று கண்டுபிடிப்பது, மூன்றாவது. உலகெங்கும் பரவிய கணினி மையங்களுக்கு வேலைகளைப் பிரித்து அனுப்புவது நான்காவது. ஜியான்ட்4 போன்ற உருவகப்படுத்தல் மென்பொருள்கள், ரூட் போன்ற பகுப்பாய்வு மென்பொருள்கள் ஐந்தாவது. மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதுவதும் பராமரிப்பதும் ஆறாவது. கணினி மையம், வலையமைப்பு, மின்சாரம் ஏழாவது. திறந்த தரவு, பயிற்சி, கல்வி எட்டாவது. பகுப்பாய்வு மையங்கள் ஒன்பதாவது.

முதல்முறை வருகிறவர்களை அதிகம் குழப்புவது எந்திரக் கற்றல். நார்ஃபோக்கில் அதற்கென்று தனித் தடம் இருந்தது, கிராக்கோவில் இல்லை. நியூரல் நெட்வொர்க்கை வைத்துத் துகள்கள் சென்ற பாதையைக் கண்டுபிடித்திருந்தால் அது மறுகட்டமைப்புக்குப் போகும். அதே நெட்வொர்க்கை வைத்து, ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரில் உண்டாகும் துகள் பொழிவைப் போலியாக உருவாக்கியிருந்தால் உருவகப்படுத்தலுக்குப் போகும். எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை விட்டுவிட்டு எந்தப் பிரச்சினையைத் தீர்த்தீர்கள் என்று பார்த்தால் தடம் தானாகத் தெரியும். ஒவ்வொரு மாநாட்டிலும் தடப் பிரிவு மாறுவதால் போன மாநாட்டின் பட்டியலை நம்பிப் போடாதீர்கள். தவறான இடத்தில் போட்டுவிட்டாலும் ஒருங்கிணைப்பாளர்கள் வேறு தடத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கலாம். ஆனால் அதில் நாட்கள் போகும்.

எழுத உட்காருவதற்கு முன் பழைய மாநாடுகளின் பக்கங்களை மாநாட்டு இணையதளமான இண்டிகோவில் திறந்து பாருங்கள். அப்ஸ்ட்ராக்டும் ஸ்லைடும் பெரும்பாலும் யாரும் பார்க்கும்படி இருக்கும். உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் வரும் பத்து அப்ஸ்ட்ராக்ட்களைப் படித்தால் எது பேச்சாக ஏற்கப்பட்டது, எது போஸ்டராகப் போனது என்பது ஓரளவு பிடிபடும். "செய்யப்போகிறோம்" என்று முடியும் அப்ஸ்ட்ராக்டுக்குப் பேச்சு கிடைப்பது கடினம். அளந்த ஒரு முடிவு இருக்கட்டும்: எவ்வளவு வேகம் கூடியது, எவ்வளவு நினைவகம் மிச்சமானது, எந்தச் சோதனையின் உண்மையான பணிச்சுமையில் ஓட்டினீர்கள் என்று எழுதுங்கள்.

பெரிய சோதனைக் குழுவில் இல்லாதவர்களும் அனுப்பலாம். ஜெனீவாவில் இருக்கும் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னும் எச்எஸ்எஃப் எனப்படும் உயர் ஆற்றல் இயற்பியல் மென்பொருள் அமைப்பும் சேர்ந்து கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் மாணவர்களை எடுக்கிறார்கள். அப்படிச் செய்த வேலையை வழிகாட்டியோடு சேர்ந்து போஸ்டராகக் கொண்டுவருவது கணினி அறிவியல் மாணவர்களுக்கு நல்ல நுழைவாயில்.

3. குழுவின் அனுமதி முதலில், மாநாட்டின் கெடு பிறகு

சிஎம்எஸ், அட்லஸ், ஆலிஸ், பெல்2 போன்ற பெரிய சோதனைக் குழுவில் நீங்கள் உறுப்பினர் என்றால், குழுவின் தரவையோ மென்பொருளையோ பற்றிப் பேச உள் அனுமதி வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பேச்சாளர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தனிக் குழு உண்டு. அவர்களின் உள்கெடு, மாநாட்டின் கெடுவுக்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள், ஏனென்றால் உள்கெடு மாநாட்டின் இணையதளத்தில் இருக்காது. குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் எப்போதோ ஒருமுறை வந்து போயிருக்கும்.

இன்னொன்றும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். குழு சார்பாக அனுப்பப்படும் அப்ஸ்ட்ராக்டில் பேச்சாளர் யார் என்பதைச் சில சமயம் அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்ட பிறகுதான் முடிவு செய்வார்கள். வேலை உங்களுடையதாக இருந்தும் மேடை வேறொருவருக்குப் போகலாம். உங்களுக்குப் பேச விருப்பம் என்றால் உங்கள் குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு அப்ஸ்ட்ராக்ட் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்காமல் இருந்தால் உங்களுக்கு விருப்பமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

4. இண்டிகோ படிவம்

இண்டிகோ செர்னில் உருவான மாநாட்டு நிர்வாக மென்பொருள். செப் மாநாட்டின் அப்ஸ்ட்ராக்ட், பதிவு, கால அட்டவணை, ஸ்லைடு எல்லாம் அதில்தான். செர்ன் கணக்கு இல்லாதவர்கள் தங்கள் மின்னஞ்சலை வைத்து விருந்தினர் கணக்கு தொடங்கலாம். கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் பல்கலைக்கழக அஞ்சலின் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடுவது சகஜம்.

படிவத்தில் தலைப்பு, சுருக்கம், தடம், பேச்சா போஸ்டரா என்ற விருப்பம், ஆசிரியர் பட்டியல் இருக்கும். ஆசிரியர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சில சின்னங்கள் தெரியும். அதில் ஒன்று பேச்சாளர் என்ற குறி. ஆசிரியராகச் சேர்த்தால் பேச்சாளராகிவிட மாட்டீர்கள், அந்தக் குறியைத் தனியாகத் தட்ட வேண்டும். அனுப்பிய பிறகு அப்ஸ்ட்ராக்ட் பக்கத்தைத் திறந்து, உங்கள் பெயர் பேச்சாளர் என்று வந்திருக்கிறதா பாருங்கள்.

கெடு நேரம் எந்த நேர மண்டலத்தில் என்பதையும் கவனியுங்கள். கோடையில் போலந்து நேரம் இரவு 11:59 என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் அதிகாலை 3:29. இது நமக்குச் சாதகம்தான். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் இணை ஆசிரியரும் நீங்களும் ஆளுக்கொரு நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தால் கடைசித் திருத்தம் நழுவிவிடும்.

முடிவு வரும்போது ஏற்பு, நிராகரிப்பு தவிர இன்னொன்றும் வரலாம்: உங்கள் அப்ஸ்ட்ராக்டை வேறொரு குழுவின் அப்ஸ்ட்ராக்டோடு இணைக்கச் சொல்லலாம். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடனே அந்தக் குழுவுக்கு எழுதி, யார் பேசுவது, யார் கட்டுரை எழுதுவது என்பதைப் பேசி முடியுங்கள். பேச்சு கேட்டு போஸ்டர் கிடைத்தாலும் போங்கள். பதினைந்து நிமிடப் பேச்சில் ஒன்றிரண்டு கேள்விதான் வரும். போஸ்டர் முன் நின்றால் அந்தத் துறையின் ஆட்களோடு நிதானமாகப் பேசலாம்.

5. பெயர்

இதற்குத் தனித் தலைப்பு வைக்கக் காரணம் இருக்கிறது. நம் பெயர்கள் முதலெழுத்தோடு வருகிறவை. கட்டுரைகளில் "மு. செல்வி" என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் "செல்வி முருகேசன்" என்று இருப்பார். இன்னும் சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். இண்டிகோவில் முதலெழுத்தோடு பதிவு செய்தால் அழைப்புக் கடிதமும் கட்டண ரசீதும் அதே பெயரில் வரும். விசா விண்ணப்பத்தில் வேறு பெயர் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று விளக்குவது உங்கள் தலையில் விழும்.

ஆகவே பதிவுப் படிவம், அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், காப்பீடு, தங்குமிடம் இவை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வையுங்கள். ஆசிரியர் பட்டியலில் மட்டும் நீங்கள் வழக்கமாக எழுதும் பெயர் இருக்கலாம். ஏற்புக் கடிதத்தில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதை அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால் திருத்தித் தருவார்கள். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் இல்லாதவர்கள் இப்போதே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் கட்டுரை உங்கள் கணக்கில் சேர அது உதவும்.

6. பணம் எங்கிருந்து வரும்

பெரிய செலவு விமானம். அடுத்தது பதிவுக் கட்டணம், அது பல நூறு யூரோ வரும். பிறகு ஒரு வாரத் தங்குமிடம், விசா, காப்பீடு, சாப்பாடு.

இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கைடின் திட்ட நிதியில் வெளிநாட்டுப் பயணத்துக்கு இடம் இருக்கிறதா என்பது. அடுத்தது ஏஎன்ஆர்எஃப், சிஎஸ்ஐஆர் போன்ற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்புகளின் பயண உதவி. பழைய எஸ்இஆர்பியின் வேலைகளை இப்போது ஏஎன்ஆர்எஃப் பார்க்கிறது. பழைய பெயரில் தேடிக் கிடைக்கும் விதிமுறைகளை நம்பாமல் புதிய தளத்தில் பாருங்கள். இந்த உதவிகளுக்கு ஏற்புக் கடிதம் கேட்பார்கள். அப்ஸ்ட்ராக்ட் முடிவு வர இரண்டு மாதம் என்று சொன்னேன் அல்லவா? அந்த இரண்டு மாதத்தில் மற்ற எல்லா இணைப்புகளையும் தயார் செய்து, ஏற்பு வந்த அன்றே கடிதத்தைச் சேர்த்து அனுப்பும் நிலையில் இருங்கள். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று மாநாட்டு அமைப்பாளர்களையும் கேளுங்கள். யார், என்ன வேலை, நிதி ஏன் போதவில்லை என்று நாலு வரி எழுதினால் போதும்.

ஒப்புதல் ஆணை கைக்கு வருவதற்கு முன் டிக்கெட் எடுக்காதீர்கள். அரசுப் பணத்தில் பயணம் என்றால் டிக்கெட்டை எங்கே எடுக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு உத்தரவுப்படி பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி இந்த மூன்று முகவர்களிடம் மட்டும்தான் அரசு ஊழியர்கள் எடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு இது பொருந்துமா என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு எடுங்கள். வேறு தளத்தில் மலிவாகக் கிடைத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

7. பதிவும் கட்டணமும்

அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்டால் பதிவும் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி. முன்பதிவுச் சலுகை முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் கட்டணம் கூடும்.

அட்டையில் கட்டுவதே சுலபம். ஆனால் இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செயலியில் போய் இயக்கி, வரம்பையும் உயர்த்திக்கொள்ளுங்கள்.

நிறுவனம் நேரடியாக வங்கி வழியே அனுப்பினால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் வேண்டும், மாநாட்டு விலைப்பட்டியலும் வேண்டும். இதில் ஒரு சிக்கல் வரும். பணம் போகும் வழியில் இடைநிலை வங்கி ஒன்று தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். நீங்கள் சரியான தொகையைத்தான் அனுப்பியிருப்பீர்கள், ஆனால் அமைப்பாளர் கணக்கில் சில யூரோ குறைவாகப் போய்ச் சேரும். உங்கள் பதிவு "பணம் வரவில்லை" என்றே நிற்கும், அழைப்புக் கடிதமும் வராது. என்னோடு வந்த ஒருவருக்கு இதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. வங்கியில் படிவம் நிரப்பும்போது எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது என்பதைக் குறிக்கும் "ஓயுஆர்" (OUR) என்ற தெரிவைக் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் இருப்பவர் பழக்கத்தில் மற்றதைக் குறித்துவிடுவார். ரசீது வாங்கியதும் அதைப் படித்துப் பாருங்கள்.

8. விசா

கிராக்கோவை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். போலந்து ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், இருக்கிறது, ஆகவே ஐரோப்பாவில் செப் எந்த ஷெங்கன் நாட்டில் நடந்தாலும் விதிகள் பெரும்பாலும் இவைதான்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கல் இருந்தால் 45 நாள் வரை போகும். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. உண்மையான நெருக்கடி இந்த நாட்களில் இல்லை, விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதில்தான். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகும் மாணவர் கூட்டமும் சுற்றுலாக் கூட்டமும் ஒன்றாக வரும். அக்டோபர் மாநாட்டுக்கு ஏற்பு வரும் நேரமும் அதுவே. அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் முதலில் தேதியைப் பிடியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டு, ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதில் இரண்டு காலிப் பக்கம். 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. அழைப்புக் கடிதம், ஏற்புக் கடிதம், பதிவுக் கட்டண ரசீது. எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு. விமான முன்பதிவு. சில மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வங்கி முத்திரையோடு. நிறுவனத்தின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), விடுப்புக் கடிதம், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கடிதம்.

கடைசியாகச் சொன்ன கடிதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வு மாணவரின் கணக்கில் பெரிய தொகை இருக்காது, அது விசா அதிகாரிகளுக்கும் தெரியும். உதவித்தொகை மாதாமாதம் வருவது ஸ்டேட்மென்டில் தெரிந்து, விமானத்துக்கும் தங்குமிடத்துக்கும் யார் பணம் தருகிறார்கள் என்று கடிதம் தெளிவாகச் சொன்னால் போதும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரிடமாவது கடன் வாங்கிக் கணக்கை நிரப்புவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

மாநாட்டோடு சேர்த்துச் செர்னுக்கும் போக நினைக்கிறவர்கள் கவனியுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிராக்கோவில் ஆறு நாள், ஜெனீவாவில் பத்து நாள் என்றால் சுவிட்சர்லாந்திடம் போக வேண்டும். விண்ணப்பம் கொடுத்த பிறகு திட்டத்தை மாற்றாதீர்கள்.

9. நாட்களைச் சரியாக எண்ணுங்கள்

மாநாடு திங்கள் முதல் வெள்ளி வரை. ஆனால் அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் பெரும்பாலும் பயிலரங்கம் ஏதாவது இருக்கும். கிராக்கோ மாநாட்டின் தேதியே அக்டோபர் 19 முதல் 25 வரை என்றுதான் இருந்தது, 19 சனிக்கிழமை. தங்குமிடம், காப்பீடு, விசா நாட்கள் மூன்றிலும் இந்த இரண்டு நாளையும் சேருங்கள்.

கிராக்கோ மாதிரிச் சுற்றுலா ஊரில் தங்குமிட விலை வாரத்துக்கு வாரம் ஏறும். ரத்து செய்யக்கூடிய முன்பதிவாக எடுத்தால் விசாவுக்கும் அது போதும். போலந்தில் செலவுக்கு யூரோ இல்லை, ஸ்வோட்டி. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ரயிலில் சுமார் இருபது நிமிடம், டாக்சி தேவையில்லை. அக்டோபர் கடைசி நமக்கு நல்ல குளிர், காலையில் ஸ்வெட்டர் மட்டும் போதாது.

10. பேச்சும் போஸ்டரும்

ஸ்லைடைக் குழு சரிபார்க்க வேண்டும் என்றால் அதற்கும் உள்கெடு உண்டு. ஒத்திகைப் பேச்சும் கேட்பார்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

போஸ்டரின் அளவு, நெடுக்கா கிடையா என்பதை அமைப்பாளர் அறிவிப்பில் பார்த்துவிட்டு வடிவமையுங்கள். ஏ0 காகிதத்தைக் குழாயில் போட்டுக் கொண்டுபோனால் இணைப்பு விமானத்தில் மறந்து இறங்கிவிடும் ஆபத்து உண்டு. துணியில் அச்சிட்டால் மடித்துப் பைக்குள் வைக்கலாம், கசங்கினாலும் இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். எதுவானாலும் பிடிஎஃப் கோப்பை இண்டிகோவில் ஏற்றிவிடுங்கள்.

11. கட்டுரை

ஊர் திரும்பியதும் ஆள் ஓய்ந்துபோவோம். ஆனால் பேச்சையோ போஸ்டரையோ கட்டுரையாக எழுதித் தரும் கெடு சில மாதத்தில் வந்துவிடும். 2018 சோஃபியா மாநாட்டிலிருந்து செப் கட்டுரைகள் ஈபிஜே வெப் ஆஃப் கான்ஃபரன்சஸ் இதழில் வருகின்றன, நார்ஃபோக் கட்டுரைகள் 295ஆம் தொகுதி. யாரும் இலவசமாகப் படிக்கலாம். லேடெக் வார்ப்பு (கட்டுரையை நிரப்பித் தரும் முன்வடிவம்) அவர்களே தருவார்கள். பக்க வரம்பு கறாரானது, வார்ப்பில் இடைவெளியைச் சுருக்கி ஏமாற்ற முடியாது.

போவதற்கு முன்பே முதல் வரைவை எழுதிவிடுங்கள். மாநாட்டில் கேட்ட கேள்விகளை வைத்துத் திருத்தினால் கட்டுரை இரட்டிப்பு நன்றாக வரும். குழுவின் உள்சுற்று இங்கேயும் உண்டு, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கட்டுரைகளை நடுவர்கள் படிப்பார்கள். மற்றவர் கட்டுரையைப் படிக்க உங்களையும் கேட்கலாம். ஒப்புக்கொள்ளுங்கள், எப்படி எழுதக் கூடாது என்பது அதில் நன்றாகப் புரியும்.

12. பில்

செலவான பணத்தைத் திரும்பப் பெற போர்டிங் பாஸ் ஒவ்வொன்றையும், திரும்பி வந்த கடைசி விமானம் வரை, பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் வந்ததென்றால் அன்றே படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், பயணம் முடிந்ததும் சில செயலிகளில் அது மறைந்துவிடும். மாநாட்டின் கடைசி நாளுக்குள் பங்கேற்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தங்குமிட ரசீதில் உங்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கட்டும். பணம் மாற்றிய ரசீது, அட்டை ஸ்டேட்மென்டில் அன்றைய மாற்று விகிதம், விசா கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, திரும்பிய வாரமே கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். நிதி தந்த அமைப்பு கேட்கும் பயண அறிக்கைக்கும் கெடு உண்டு, அது ஒப்புதல் ஆணையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.